மூணாவது சீட்டுல ஒரு சாமி

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்கண்ணே. எனக்கு வேடிக்கையெல்லாம் வேணாம். முன்னாடி அந்த மூணாவது சீட்டு தெரிஞ்சாப் போதும். உங்க பையக் கொஞ்சம் மடில வெச்சுக்கங்க, மறைக்குது. ஆங். இல்ல இல்ல, அப்படியே இருக்கட்டும், மறைக்கட்டும். அவங்க திரும்பினா என்னைய மறைக்க ஏதாச்சும் வேணும்ல. நான் இந்தக் கைப்புடிக்கும் பைக்கும் நடுவுல பாத்துக்கறேன்.

பயந்துறாதீங்க. நான் திருடன் இல்ல. போலீசும் இல்ல. இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு போலீசுன்னு சொன்னா எவன் நம்புவான்.

பச்சைச் சேலை, கழுத்துல மாலை, மடில மஞ்சப் பை. பாத்தீங்களா? அது எங்கம்மா. பஞ்சவர்ணம். நான் சோலைராஜ். மதுரை, செல்லூர்ப் பக்கம். எங்கம்மாவ நான் ஃபாலோ பண்ணிட்டு இருக்கேன். நான் இந்த பஸ்ஸுல இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தக் குரங்குக் குல்லா. இத மாட்டிக்கிட்டா பெத்த தாய்க்குக்கூட அடையாளம் தெரியாதுண்ணே. நேத்து ஏரிக்கரையில அவங்கதான் வாங்கி மாட்டி விட்டாங்க. காதுக்குக் கீழ வரைக்கும் இழுத்து விட்டுட்டு, இப்பத்தான் ஒன் மூஞ்சி பாக்கற மாதிரி இருக்குன்னாங்க.

எதுக்குச் சிரிக்கிறீங்க?

சரி, நீங்க யாரு? பழனிக்கா? சொந்த வேலையா? முத்தரசுன்னு யாரையாச்சும் தெரியுமா? சமையக்காரரு, வேன் வெச்சிருக்காரு, மீசைய முறுக்கி விட்ருப்பாரு. தெரியாதுல்ல? சத்தியமா? சரி, நம்புறேன். இப்போதைக்கு நம்புறேன்.

நடந்ததச் சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க. இப்பத்தான், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல, அம்மா என்னைய மதுரை பஸ்ஸுல ஏத்தி விட்டாங்க. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தாங்க, வாழப்பழம் வாங்கிக் குடுத்தாங்க. நான் நகந்து எடம் விட்டேன், உக்காருங்கன்னேன். நீ போன்னாங்க. நீங்கன்னேன். நான் வர்ற விதமா வர்றேன், நீ போய் நாளைக்குக் காலைல கடையத் தொற, எதுத்த வீட்டு ஜெயக்கொடிட்ட மாவு ஆட்டி வெக்கச் சொல்லிருக்கேன்னாங்க. சொல்லிட்டு விறுவிறுன்னு நடக்குறாங்க. நான் பின்படி வழியா எறங்கி, லாரிக்குப் பின்னாடி நின்னு பாக்கறேன், இந்த பஸ்ஸுல ஏறுறாங்க. போர்டப் பாக்கறேன். பழனி.

பழனியிலருந்துதான்ணே நாங்களே வந்தோம். சாமியப் பாத்தாச்சு. பஞ்சாமிர்தம் வாங்கியாச்சு. மொட்டை அடிக்க வேண்டியவன் நான், அதுவும் அடிச்சாச்சு, இந்தாங்க பாருங்க, குல்லாவ முழுசா எடுக்க முடியாது, இவ்வளவு பாத்தாப் போதும். அப்புறம் பழனில மறுபடி என்ன வேலை? அதும் பெத்த மகன ஊருக்கு அனுப்பிட்டு, தனியா?

குனிங்க குனிங்க. கண்டக்டரு வர்றாரு.

பாத்தீங்களா, என்னையத் தாண்டிப் போயிட்டாரு. எல்லார்ட்டயும் டிக்கெட் கேட்டாரு, உங்ககிட்ட கேட்டாரு, எனக்கு முன்னாடி சீட்டுல தூங்குற ஆளத் தட்டி எழுப்பிக் கேட்டாரு, என்னைய ஒரு பார்வை பாத்தாரு, போயிட்டாரு. மொட்டைய வெச்சுக்கிட்டுக் குல்லாவும் போட்டா மனுசக் கணக்குலயே சேக்க மாட்டாங்க போல. நானாப் போய்க் கேக்க மாட்டேன். ஆனா ஒரு டவுட்டா இருக்கு. சும்மா ஒருத்தரு ஒருத்தர விடுவாரா?

இதுவா? எலுமிச்சம்பழம். எனக்கில்லண்ணே. மலை எறக்கத்துல அவங்களுக்குத் தல சுத்தும். ஏறும்போதே நாலு வளைவுக்கு ஒரு தடவ வாந்தி. நான்தான் மூக்குக்கிட்டப் புடிச்சுக்கிட்டே வந்தேன். இப்ப இது என் பாக்கெட்டுல இருக்கு, அவங்க அங்க இருக்காங்க. குடுக்கப் போனா மாட்டிக்குவேன். என்ன பண்ண.

எங்க விட்டேன்? ஆங், முத்தரசு. அதுக்கு முன்னாடி எங்க வீடு எப்படின்னு சொல்லணும்.

அப்பா நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாரு. அம்மா வீட்டு வாசல்ல இட்லிக் கடை போட்டாங்க. காலைல இட்லி, சாயங்காலம் பணியாரம், ராத்திரி மறுபடி இட்லி. நான் பாலிடெக்னிக் போனேன், பிடிக்கல, விட்டுட்டேன். அப்புறம் அம்மாவே கேட்டரிங்ல சேத்து விட்டாங்க. போன மொத வாரமே வெங்காயம் வெட்டச் சொன்னாங்கண்ணே. எங்க வீட்டுல மூட்டை வெங்காயம் கெடக்கு, அதையே நான் தொட்டதில்ல, அவங்களுக்கு எதுக்கு வெட்டணும்? விட்டுட்டேன். அப்புறம் செல்போன் கடை, அப்புறம் பைக்ல சாப்பாடு கொண்டு போறது, அப்புறம் ரெஸ்ட். எங்கம்மா சொல்லும், இவன் காலுல சக்கரம் இருக்கு, ஆனா எங்கயும் போய்ச் சேர மாட்டேங்குதுன்னு. லந்துக்குச் சொல்றதுதான். எங்க வீட்டுல எல்லாருக்குமே வாயி கொஞ்சம் ஜாஸ்தி.

இந்த வருசம் தைப்பூசத்துக்கு நடந்தே பழனி வர்றேன், இவன் ஒரு எடத்துல நிக்கணும்னு வேண்டிக்கிட்டாங்க. நான் நிக்கறதுக்கு அவங்க எதுக்கு நடக்கணும்னு கேட்டேன். மாலையப் போட்டுக்கிட்டாங்க. வயசுப் பொம்பளைங்க, கிழவிங்க, ஆம்பளைங்கன்னு ஒரு கூட்டமே கெளம்புது. ராத்திரி எங்கிட்டாச்சும் படுக்கறாங்க. தனியா எப்படி விடுறது? நானும் மாலை போட்டேன். எனக்கு வேண்டுதல்லாம் ஒண்ணும் கெடையாது. நான் வாட்ச்மேனாப் போனேன்.

மாலை போட்டா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல. அன்னையிலருந்து எல்லாரும் சாமி. பேரு கெடையாது. வயசு கெடையாது. வாங்க சாமி, போங்க சாமிதான். அம்மாவையும் நான் சாமின்னுதான் கூப்பிடணும், அவங்களும் என்னையச் சாமின்னுதான் கூப்பிடணும். காலைல எழுப்புவாங்க. "எந்திரி சாமி, எரும மாதிரி பொரளாத சாமி" அப்படின்னு. கெட்ட வார்த்த பேசக் கூடாதுல்ல. மூதேவின்னு வாய் வரைக்கும் வரும், அப்படியே முழுங்கிட்டு சாமின்னு முடிப்பாங்க. எனக்கு நல்லா இருந்துச்சு. இருவது வருசத்துல என்னைய அவங்க மரியாதையாக் கூப்பிட்டது அந்தக் கொஞ்ச நாளுதான்.

நான் அவங்கள மரியாதையாக் கூப்பிட்டதும் அப்பத்தான்னு வெச்சுக்கங்க. வீட்டுல யாருண்ணே அம்மாவ வாங்க போங்கம்பாங்க. "ஏம்மா, இட்லி எங்க"தான்.

இப்ப முத்தரசு. கூட்டத்துக்குச் சமையல் அவருதான். வேன்ல பாத்திரம் பண்டம்லாம் ஏத்திட்டு முன்னாடியே போயிருவாரு. நாங்க காலத் தேச்சுக்கிட்டுப் போய்ச் சேரும்போது இலை போட்டு ரெடியா நிப்பாரு. மொத நாளு வாடிப்பட்டி தாண்டி ஒரு புளிய மரத்தடியில பந்தி. அம்மா பழக்க தோசத்துல நேரா வேனுகிட்டப் போயி கரண்டியப் புடிச்சுட்டாங்க. முத்தரசு அந்தக் கரண்டிய வாங்கிட்டாரு. வாங்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா?

"சாமி உக்காருங்க. நாங்க போடறோம்."

அம்மா உக்காந்தாங்க. இலைல சோத்தப் போட்டாரு, சாம்பார ஊத்துனாரு. எல்லாருக்கும் ஒரு வடை. எங்கம்மாவுக்கு ரெண்டு. நான் எண்ணிப் பாத்தேன்ணே. சாமி மெதுவாச் சாப்பிடுங்க, ரசம் இருக்குன்னாரு. எங்கம்மா கண்ணு கலங்கிருச்சு. இலையப் பாத்துக்கிட்டே இருக்காங்க, சாப்பிடவே இல்ல. என்ன சாமி, காரமான்னு கேட்டேன். ஆமாங்கற மாதிரித் தலைய ஆட்டுனாங்க. அந்தச் சாம்பாருல காரமே இல்லண்ணே, நான் குடிச்சேன். அப்ப எதுக்கு அழுகுறாங்க? அதுக்கு முன்னாடியே இந்த ஆளத் தெரியுமோ? அன்னைக்குப் புடிச்சது எனக்கு சந்தேகம்.

இல்ல, அவருக்குப் பொண்டாட்டி இருக்கு. கூடவே வேன்ல வருது. காய் நறுக்குது, நல்லாத்தான் பேசுது. அதான் எனக்கு இன்னும் சந்தேகம். பொண்டாட்டியக் கூடவே வெச்சுக்கிட்டு ஒருத்தன் ரெண்டு வடை வெக்கிறான்னா எவ்வளவு துணிச்சலா இருக்கணும்.

வெள்ளி நீர்வீழ்ச்சி வந்துருச்சு போல. ஜன்னல மூடிக்கங்க, கொரங்கு உள்ள கைய விடும். அம்மா எட்டிப் பாக்குறாங்க பாருங்க. வரும்போது கண்ண மூடிட்டே வந்தாங்க, அதான் இப்பப் பாக்குறாங்க. நல்லவேளை, தல சுத்தல போல.

நடக்க நடக்க அவங்க ஆளே மாறிட்டாங்கண்ணே. எனக்கு ரெண்டாவது நாளே பாதத்துல கொப்புளம். நான் வரிசையில கடைசி. எனக்குப் பின்னாடி வந்தது குப்ப பொறுக்குற நாயிங்க மட்டுந்தான். அம்மா முன்னாடி. பெத்தானியாபுரத்துப் பொம்பளைங்க ஏழு பேரு ஒரு செட்டு, எதுக்கெடுத்தாலும் கெக்கெக்கேன்னு சிரிக்கும். அதுகளோட சேந்துட்டாங்க. ஒரு நா விடியக்காலம், பனி கொட்டுது, முன்னாடியிலருந்து ஒரு பாட்டு. காவடிப் பாட்டு. ஒருத்தர் எடுத்துக் குடுக்க, மத்தவங்க பின்பாட்டு. நல்ல கொரல். யாருடா இதுன்னு நொண்டிக்கிட்டே முன்னாடி போய்ப் பாக்கறேன். எங்கம்மா.

அவங்களுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஒரு நாளு பாடுனதில்ல. எங்க கத்துக்கிட்டாங்க? யாருக்காகக் கத்துக்கிட்டாங்க? நீங்களே சொல்லுங்க, சந்தேகம் வருமா வராதா?

பழனி வந்தோம். படி ஏறுனோம். தரிசனம் முடிஞ்சு எறங்கி வந்து மடத்துல உக்காந்தோம். எங்க குருசாமி, அழகுமலைன்னு பேரு, வயசானவரு, அவருதான் ஒவ்வொருத்தருக்கா மாலையக் கழட்டி விட்டாரு. நான் மொத ஆளா நின்னேன். கழட்டுன கையோட எதுத்தாப்புல ஹோட்டல்ல போயி ரெண்டு பிரியாணி. மனுசன் எத்தன நாளைக்குண்ணே சாம்பாரயே பாக்கறது. திரும்பி வந்து பாத்தா எல்லார் கழுத்தும் காலி, அம்மா கழுத்துல மட்டும் மாலை அப்படியே இருக்கு. அந்தக் கெக்கெக்கே செட்டும் கழட்டல. துணி தொவைக்கணும், ரெண்டு நாளு மடத்துல தங்குறோம்னுச்சுக. முத்தரசு வேனும் கெளம்பல. மத்தவங்கள்லாம் பஸ் புடிச்சு ஊருக்குப் போறாங்க, வேன் மட்டும் அங்கயே நிக்குது. அடுப்பு, அண்டா, எல்லாத்தோட. ஏன் நிக்கணும்?

அம்மாவுக்கு மாலை கழட்டலையா குருசாமின்னு கேட்டேன். அவரு சிரிக்கிறாரு. "அது ஒங்கம்மாவுக்கும் முருகனுக்கும் உள்ளது. நீ பிரியாணி சாப்ட்டியா?" அப்படிங்கறாரு. எப்படி அந்தாளுக்குத் தெரியும்? யாரோ வேவு பாத்துருக்கான்.

சாயங்காலம் மடத்து மொட்டை மாடியில நிக்கறோம். அம்மா தெக்கால கைய நீட்டி, அந்தப் பெரிய மலை என்ன மலைன்னாங்க. கொடைக்கானல்னேன். அங்க என்ன சாமி இருக்குன்னாங்க. அங்க சாமி இல்லம்மா, ஏரி இருக்கு, குளிரு இருக்கு, புருசம் பொண்டாட்டியா வந்து போட்டோ எடுப்பாங்கன்னேன். நாளைக்குப் போலாமான்னாங்க. எங்கம்மா, மீனாச்சியம்மன் கோயிலத் தாண்டி அந்தப் பக்கம் சும்மாப் போகாத மனுசி. கடைய மூடிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாக்கூட தாலி கட்டுனதும் ஓடியாந்துருவாங்க. அவங்க கேக்குறாங்க, சுத்திப் பாக்கப் போலாமான்னு.

கொடைக்கானல்ல எங்களப் பாத்துருக்கணும் நீங்க. நான் ஜீன்ஸ், மொட்டை, நொண்டிக் காலு. அவங்க பச்சைச் சேலை, மாலை, வெறுங்காலு. அந்தக் குளிருல வெறுங்காலுண்ணே. நான் செருப்பு வாங்கித் தர்றேன்னேன். வேணாம், காலு பழகிருச்சு, பழக்கம் விட்டுறக் கூடாதுன்னாங்க. என்ன பழக்கம்? இனி எதுக்கு அந்தப் பழக்கம்? புரியுதா உங்களுக்கு? எனக்குப் புரியல.

ஏரியில மிதிக்கிற படகு. நான் மிதிக்கல, கொப்புளம். அவங்களே ஏரி பூராவும் மிதிச்சாங்க. நான் அந்தத் திருப்புற கம்பியப் புடிச்சுக்கிட்டு ராசா மாதிரி உக்காந்திருந்தேன். அப்புறம் குதிரை. ஆமாண்ணே, குதிரை. நான் வேணாம்னேன். ஏறிட்டாங்க. குதிரைக்காரப் பையன் மாலையப் பாத்துட்டு, கெட்டியாப் புடிச்சுக்கங்க சாமின்னான். அவ்வளவுதான், அவங்க மொகத்தப் பாக்கணுமே. அவன் இன்னொரு ரவுண்டு சும்மாவே கூட்டிட்டுப் போனான். எதுக்கு சும்மா கூட்டிட்டுப் போறான்? நான் குதிரைக்குப் பின்னாடியே நொண்டி நொண்டி ஓடுனேன். டூரிஸ்ட்டுக்காரங்கள்லாம் எங்களப் போட்டோ எடுக்குறாங்க.

தூண் பாறைன்னு ஒரு எடம். போனோம். மூடுபனி. தூணும் இல்ல, பாறையும் இல்ல, வெள்ளையா ஒரு செவரு. எல்லாரும் ச்சேன்னு திரும்புறாங்க. அம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. போலாம்மான்னேன். அசையல. ஏம்மா, ஒண்ணுமே தெரியல, என்னத்தப் பாக்குறன்னேன்.

"அதான் நல்லாருக்கு. யாரும் எதுவும் கேக்கல" அப்படின்னாங்க.

அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். அம்மான்னு கூப்பிட்டா அவங்க திரும்பறதே இல்ல. பக்கத்துல நிப்பாங்க, காது நல்லாக் கேக்கும், திரும்ப மாட்டாங்க. சாமின்னா திரும்புறாங்க. எனக்குக் கோவம். நாந்தான் மாலையக் கழட்டிட்டேனே, நான் எதுக்குச் சாமிங்கணும்? நானும் விடல, ஏம்மா ஏம்மான்னு கத்திக்கிட்டே இருந்தேன். சுத்தி இருக்கற நாலு அம்மாங்க திரும்பிப் பாத்தாங்க. எங்கம்மா திரும்பல.

காலைல லாட்ஜுல எந்திரிச்சதும் டீன்னேன். வழக்கமாச் சொல்றதுதான். கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, கீழ கடை இருக்குன்னாங்க. அவங்க குடிச்சுட்டாங்களாம். தனியாப் போயி. எனக்கு வாங்கிட்டு வரல. என் வாழ்க்கையிலயே மொத தடவண்ணே. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. யாரோ நல்லா மந்திரிச்சு விட்ருக்காங்க.

இப்ப முக்கியமான விசயம். நேத்து ராத்திரி வெளிய நின்னு போன் பேசுறாங்க. நான் கதவுக்குப் பின்னாடி. "ஆமா சாமி, நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன் சாமி. ஏழு பேரும் இருக்காங்கல்ல? என்னையச் சேத்து எட்டு. வேன் முன்னாடி போயிருமா? அவன்ட்ட சொல்லல. சொன்னா விட மாட்டான், இல்லாட்டி அவனும் வர்றேம்பான்." கேட்டீங்களா? எட்டுப் பேரு. வேனு. அவன்ட்ட சொல்லல. படத்துல பேங்க்ல கொள்ளையடிக்கறவங்க இப்படித்தான் பேசுவாங்க. அவங்க தூங்குனதும் அந்த நம்பருக்கு அடிச்சேன். பொம்பளைக் கொரல். அரோகரான்னுச்சு. கட் பண்ணிட்டேன். முத்தரசு எவ்வளவு வெவரம்னா, பொண்டாட்டிய விட்டுப் போன எடுக்க வெக்கிறான்.

அப்புறம் இன்னைக்குக் காலைல கடைக்குப் போயி தைலம் வாங்குனாங்க. யூகலிப்டஸ். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பை நெறைய. அந்த மடில இருக்குல்ல, அதான். கூடவே காலுக்குச் சுத்துற துணி. மூட்டு வலி யாருக்கு? எனக்கில்ல. எனக்குக் கொப்புளம்தான். முத்தரசுக்குத்தான் மூட்டு வலி, நடக்கும்போது சாய்ச்சு சாய்ச்சு நடப்பாரு.

எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா என்னண்ணே வருது? கடைய என் தலையில கட்டிட்டாங்க. மாவுக்கு ஆள் சொல்லியாச்சு. மகன பஸ் ஏத்தியாச்சு. தாயி போறாங்க. எனக்கு என்ன பயம்னா, நாளைக்குக் காலைல நான் கதவத் தொறக்கறேன், அடுப்பு இருக்கு, இட்லிச் சட்டி இருக்கு, அவங்க இல்ல. நாளான்னைக்கும் இல்ல. அப்புறம் எப்பவுமே இல்ல. அவங்க இல்லாத வீட்டுக்குள்ள நான் இதுவரைக்கும் ஒரு நா ராத்திரிகூடப் படுத்ததில்லண்ணே. சிரிக்காதீங்க. சும்மா சொல்றேன்.

என்ன? என்ன சொல்றீங்க?

திரும்பி நடக்கப் போறாங்களா? பழனியிலருந்து மதுரைக்கா? நடந்தா? சும்மா இருங்கண்ணே. போறதுக்குத்தான் நடப்பாங்க. வர்றதுக்கு எவனாச்சும் நடப்பானா, பஸ்ஸு இருக்கும்போது? ஆங்? அப்படியும் சில பேரு உண்டா? வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மாலை கழட்ட மாட்டாங்களா? செருப்பும் போட மாட்டாங்களா?

உங்க வீட்டுல யாரு? உங்க சித்தியா? திரும்பி நடந்தாங்களா. எதுக்காம்? "போகும்போது வேண்டுதலுக்கு, வரும்போது எனக்கு"ன்னு சொன்னாங்களா. அது உங்க சித்திண்ணே. எங்கம்மா அப்படியில்ல. எங்கம்மாவுக்குத் தனக்குன்னு ஒண்ணும் கெடையாது. கேட்டதே இல்ல. நீங்க நல்ல மனுசன், நல்லதாவே நெனைக்கிறீங்க. எனக்கு ஒலகம் தெரியும்.

அப்படியே இருந்தாலும் எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? நான் என்ன வேணாம்னா சொல்லிருப்பேன்?

வேணாம்னுதான் சொல்லிருப்பேன். சரி. இல்லாட்டி நானும் கூட நடந்திருப்பேன். நடந்தா என்ன தப்பு? கடைசில நொண்டிக்கிட்டு, சாமி தண்ணி குடுங்க, சாமி பைய வெச்சுக்கங்கன்னு. என்ன, வரும்போதும் அப்படித்தான் வந்தேன். அவங்க என் பையத் தூக்கிட்டுத்தான் நடந்தாங்க. அதுல என்ன.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

பெருமாள்மலை வந்துருச்சா. இங்கதான் ரோடு பிரியுது. நேராப் போனா வத்தலக்குண்டு, மதுரை. அந்தப் பக்கம் திரும்புனா பழனி. குனிங்கண்ணே, கண்டக்டரு மறுபடி வர்றாரு. தூங்குற மாதிரி இருப்போம்.

என்னையவா? நான் பழனிண்ணே. இங்க எறங்கல. டிக்கெட்டு... நீங்க கேக்கவே இல்லையே, நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டீங்க, நான் என்ன பண்ணுவேன். குடுங்க, இப்ப எடுத்துக்கறேன். என்னது? என்னது எடுத்தாச்சு?

கேட்டீங்களாண்ணே. எனக்கு டிக்கெட் எடுத்தாச்சாம். கொடைக்கானல்லயே. பழனி ஒண்ணு, பெருமாள்மலை ஒண்ணுன்னு அம்மாதான் எடுத்தாங்களாம். "கடைசி சீட்டுல குரங்குக் குல்லா போட்டு ஒரு பையன் குனிஞ்சு உக்காந்திருப்பான். வர்ற வரைக்கும் வரட்டும், ஒண்ணும் கேக்காதீங்க. பெருமாள்மலையில எறக்கி மதுரை பஸ்ஸக் காட்டி விட்ருங்க. கொப்புளம் இருக்கு, ஓடி ஏற விடாதீங்க." இதச் சொன்னாங்களாம்.

அப்ப இந்தக் கண்டக்டரும் அவங்க ஆளுதான்.

இருங்கண்ணே கண்டக்டரே, ஒரு நிமிசம். எறங்குறேன். யாரு எறங்க மாட்டேன்னா. ஒரு நிமிசம்.

அம்மா.

பாத்தீங்களா, திரும்பல. தோள் லேசா அசையுது, சிரிக்கிறாங்க போல. ஏம்மா, இங்க பாரு. ம்ஹூம்.

சரி. சாமி. சாமி, நான் எறங்குறேன்.

திரும்பிட்டாங்க.

கேட்டுச்சா உங்களுக்கு? "சீக்கிரம் போங்க சாமி, மாவு புளிச்சுரும்"கிறாங்க. போங்கன்னாங்கண்ணே. மாலை இல்லாத எனக்கு.

அண்ணே, நீங்க பழனி வரைக்கும் போறீங்கள்ல. இந்தாங்க, இந்த எலுமிச்சம்பழம். சவரிக்காடு தாண்டுனதும் வளைவு ஜாஸ்தி, அப்பக் குடுங்க. மூக்குக்கிட்ட வெச்சுக்கச் சொல்லுங்க. சாமின்னு கூப்புட்டுக் குடுங்க, இல்லாட்டி திரும்ப மாட்டாங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம். சொன்னாலும் பரவால்ல.

அப்புறம், உங்க சித்தி மாதிரி நடந்துதான் வரப் போறாங்கன்னா, நான் நம்பல, அப்படி இருந்துச்சுன்னா, ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு எடத்துல ரோட்டுல ஜல்லி கொட்டிக் கெடந்துச்சு. மண்ணு ஓரமாப் போகச் சொல்லுங்க. எனக்குக் கொப்புளம் அங்கதான் ஒடஞ்சுச்சு.

வர்றேன்ணே. அடிக்காதீங்க விசில, எறங்கிட்டேன், படில நிக்கறேன்.

அண்ணே, கடைசியா ஒண்ணு. அவங்கட்ட ஒண்ணு கேட்டு, என் நம்பரையும் வாங்கி, எனக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க. எப்பத் திரும்பி வர்றீங்கன்னு கேக்க வேணாம். அத நான் கேக்கல. இட்லி எம்புட்டு நேரம் வேகணும்னு மட்டும் கேளுங்க.